மூன்று லட்சம்தானே பாக்கி இருக்க வேண்டும்?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம்:

“வணக்கம் ஐயா. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். கணவர் சொந்தமாக லோடு வண்டி ஓட்டுகிறார். தங்கை கல்யாணத்துக்காக என் சம்பளத்தைக் காட்டி ஐந்து லட்சம் பர்சனல் லோன் வாங்கினேன். 14 சதவீத வட்டி, 60 மாதம், மாதத் தவணை ரூ.11,634. இந்த மாதம் 5-ஆம் தேதியோடு 24 தவணை கட்டியாகிவிட்டது. ஒன்றுகூடத் தவறியதில்லை.

இப்போது சீட்டுப் பணம் நான்கு லட்சம் கைக்கு வந்திருக்கிறது. 19-ஆம் தேதி லோனை மொத்தமாக அடைத்துவிடலாம் என்று கிளைக்குப் போய்க் கேட்டேன். அசல் பாக்கி ரூ.3,40,401, முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணம் 4 சதவீதம் ரூ.13,616, அதற்கு ஜிஎஸ்டி ரூ.2,451, இந்த மாத வட்டி ரூ.3,971, ஆக மொத்தம் ரூ.3,60,439 என்று எழுதிக் கொடுத்தார்கள். எனக்குத் தலை சுற்றிவிட்டது. ஐந்து வருஷத்துக்கு மொத்த வட்டி ரூ.1,98,040. அப்படியென்றால் இரண்டு வருஷத்துக்கு ரூ.79,216. நான் கட்டியதோ ரூ.2,79,216. வட்டி போக இரண்டு லட்சம் அசலில் கழிந்திருக்க வேண்டாமா? மூன்று லட்சம்தானே பாக்கி இருக்க வேண்டும்?

‘முதல் ரெண்டு வருஷத்துலயே வட்டியை எல்லாம் எடுத்துடுவாங்க, இனிமே அடைச்சு பிரயோசனமே இல்ல’ என்கிறார் மச்சான். கூட வேலை பார்க்கும் பெண், 2026 ஜனவரியிலிருந்து இந்தக் கட்டணத்தையே ரிசர்வ் வங்கி எடுத்துவிட்டது என்கிறாள். போன வருஷம் வண்டி இன்ஜின் வேலைக்காக மகளின் இரண்டு வளையலை அடகுக் கடையில் 70,000 ரூபாய்க்கு, இரண்டு வட்டிக்கு வைத்திருக்கிறோம். அதற்கு மாதா மாதம் வட்டி கட்டி வருகிறோம். அதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். லோனை அடைக்கட்டுமா, வேண்டாமா?”

சகோதரிக்கு வணக்கம்.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வளையலைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் உங்கள் மனதை அரிக்கும் அந்த நாற்பதாயிரம் ரூபாயைத் தீர்த்துவிடுவோம்.

வங்கி உங்களை அசலில் ஏமாற்றவில்லை. ரூ.3,40,401 சரியான தொகைதான். நீங்கள் தந்த வட்டி, காலம், தவணையை வைத்து நானே போட்டுப் பார்த்தேன், ரூபாய் பிசகவில்லை. நீங்கள் போட்ட கணக்கு எங்கே வழி மாறியது என்றால், மொத்த வட்டியை ஐந்தால் வகுத்த இடத்தில். அந்த 1,98,040 ரூபாய் ஐந்து வருஷத்துக்கும் சமமாகப் பிரியாது.

அடகுக் கடைக் கணக்கு உங்களுக்குத் தெரியும். 70,000 ரூபாய்க்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 1,400. நடுவில் 20,000 கட்டினால் அடுத்த மாதம் 50,000-க்கு மட்டும்தான் வட்டி, அதாவது 1,000. யாரும் 70,000-க்குக் கேட்க மாட்டார்கள், நீங்களும் கொடுக்க மாட்டீர்கள். பர்சனல் லோனிலும் இதேதான் நடக்கிறது. ஒவ்வொரு மாதமும் உங்களிடம் எவ்வளவு அசல் நிற்கிறதோ அதற்கு மட்டும் வட்டி. வருஷத்துக்கு 14 சதவீதம் என்றால் நம் ஊர்ப் பேச்சில் ஒரு வட்டிக்குக் கொஞ்சம் மேல்.

முதல் மாதம் உங்களிடம் ஐந்து லட்சம் முழுசாக இருந்தது. அதற்கு ஒரு மாத வட்டி ரூ.5,833. நீங்கள் கட்டிய 11,634-ல் அது போக மீதி 5,801 ரூபாய்தான் அசலில் கழிந்தது. கட்டியதில் பாதிக்கு மேல் வட்டி. அடுத்த மாதம் அசல் கொஞ்சம் குறைந்திருப்பதால் வட்டியும் கொஞ்சம் குறையும், அசலுக்குப் போவது கொஞ்சம் கூடும். இப்படியே வந்து 24-ஆவது தவணையில் வட்டி 4,060, அசல் 7,574. இருபத்து நான்கு மாதத்தையும் கூட்டினால் வட்டி ரூ.1,19,617, அசல் ரூ.1,59,599. இரண்டையும் சேர்த்தால் நீங்கள் கட்டிய 2,79,216 வந்துவிடும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் வீட்டிலேயே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் ஐந்து லட்சம், இப்போது 3.4 லட்சம். இரண்டு வருஷமும் சராசரியாக 4.2 லட்சம் உங்களிடம் இருந்திருக்கிறது. அதற்கு 14 சதவீதம், இரண்டு வருஷம்: ஏறக்குறைய 1.18 லட்சம். வங்கி எடுத்ததும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வராத மாதத்துக்கான வட்டி ஒரு ரூபாய்கூட இதில் இல்லை.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உங்கள் மச்சான் சொன்ன வார்த்தை. வங்கிக் கடன் பிரிவில் நான் இருந்த வருஷங்களில் வாரம் ஒருவராவது அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வருவார்கள். கையில் பணம் இருக்கும், அடைக்கும் மனசும் இருக்கும். யாரோ ஒருவர் “வட்டியெல்லாம் முதலிலேயே போய்விட்டது” என்று சொல்லியிருப்பார். அதை நம்பி, பணத்தைச் சேமிப்புக் கணக்கில் சும்மா போட்டுவிட்டு, 14, 16 சதவீதத்துக்கு மூன்று வருஷம் தவணை கட்டிக்கொண்டிருப்பார்கள். நல்ல எண்ணத்தில் சொல்லப்படும் அந்த ஒரு வார்த்தையால் எத்தனையோ குடும்பங்கள் பணத்தை இழந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

மச்சான் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மொத்த வட்டியில் அறுபது சதவீதம் கட்டியாகிவிட்டது என்பது சரி. ஆனால் அது போன மாதங்களுக்கான வட்டி, அந்த மாதங்களில் பணம் உங்களிடம் இருந்தது, கணக்கு அங்கே முடிந்தது. இனி வரும் 36 மாதத்துக்கு, நிற்கும் 3,40,401 ரூபாய்க்கு அதே 14 சதவீதம்தான் ஓடப்போகிறது. அட்டவணைப்படியே கட்டிக்கொண்டு போனால் இன்னும் ரூ.78,423 வட்டி போகும். இன்றைக்கு அடைப்பதா வேண்டாமா என்று யோசிக்கும்போது பார்க்க வேண்டிய எண் இந்த 78,423 மட்டும்தான்.

அதிலிருந்து கட்டணத்தைக் கழியுங்கள். 4 சதவீதமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்தால் 4.72 சதவீதம், உங்களுக்கு ரூ.16,067. ஆக முழுக்க அடைத்தால் நிகர மிச்சம் 62,000 ரூபாய்க்குச் சற்று மேல். கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால், அடைக்கப் போடும் பணம் வருஷத்துக்கு ஏறக்குறைய 10.8 சதவீதம் சம்பாதித்ததற்குச் சமம். எந்தப் பெரிய வங்கியின் டெபாசிட்டும் இன்று அவ்வளவு தருவதில்லை. தந்தாலும் அந்த வட்டிக்கு வரி உண்டு, கடனை அடைத்து மிச்சம் பிடிக்கும் வட்டிக்கு வரி கிடையாது.

எப்போது அடைத்துப் பிரயோசனம் இல்லை என்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடனில் கடைசி ஏழு தவணை மட்டும் மிச்சம் இருக்கும்போது அசல் பாக்கி ரூ.77,767 இருக்கும். அதற்கு மேல் கட்ட வேண்டிய வட்டி ரூ.3,672, அன்றைக்கு அடைத்தால் கட்டணம் ரூ.3,671. இரண்டும் ஒன்றுதான். அதற்கு அப்புறம் அடைப்பது நஷ்டம். நீங்கள் அந்த இடத்திலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். இதெல்லாம் குறையும் பாக்கிக்கு வட்டி போடும் கடனுக்கு. டூவீலர் கடன், வீட்டுச் சாமான் கடன், தனியார் ஃபைனான்ஸ் என்று சில இடங்களில் ‘பிளாட்’ வட்டி சொல்வார்கள். அங்கே கடைசி மாதம் வரை முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் வட்டி போட்டு, அதைத் தவணைகளில் பிரித்துவிடுவார்கள். ஐந்து லட்சத்துக்கு 8 சதவீதம் பிளாட் என்றால் ஐந்து வருஷத்தில் வட்டி இரண்டு லட்சம். உங்கள் 14 சதவீதக் கடனின் மொத்த வட்டியும் கிட்டத்தட்ட அதுதான் என்பதைக் கவனித்தீர்களா? 8 என்று கேட்கும்போது இனிப்பாக இருக்கும், கட்டும்போது 14-க்கும் மேல். உங்கள் வீட்டில் வேறு யாராவது கடன் வாங்கப் போனால் முதல் கேள்வியாக இதைக் கேட்கச் சொல்லுங்கள்.

சரி, கட்டணத்துக்கு வருவோம். உங்கள் தோழி கேள்விப்பட்டது பொய்யில்லை. ரிசர்வ் வங்கி 2025 ஜூலை 2 அன்று ஓர் உத்தரவு போட்டது. மாறும் வட்டியில் தனிநபர்கள் சொந்தத் தேவைக்கு வாங்கும் கடனை முன்கூட்டி அடைத்தால் கட்டணம் வாங்கக் கூடாது, இத்தனை மாதம் கழித்துத்தான் அடைக்கலாம் என்ற நிபந்தனையும் கூடாது. 2026 ஜனவரி 1 முதல் அனுமதியாகும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்கு இது பொருந்தும். உங்கள் கடன் அதற்கு முன்பே வாங்கியது. அதோடு பர்சனல் லோன்கள் பெரும்பாலும் நிலையான வட்டியில்தான் கொடுக்கப்படுகின்றன, தவணையும் வட்டியும் கடைசி வரை மாறாது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையதும் அந்த ரகம்தான். ஆகவே அந்தச் சலுகை உங்களுக்குக் கிடைக்காது. சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் 4 சதவீதம் என்று அவர்கள் வாயால் சொன்னால் போதாது. கடன் வாங்கும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தையும் அனுமதிக் கடிதத்தையும் எடுத்து, முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணம் என்ன என்று எழுதியிருக்கிறது, அசல் பாக்கிக்கா அல்லது வேறு எதற்குமா என்று பாருங்கள். உங்கள் கடன் 2024 அக்டோபர் 1-க்கு அப்புறம் அனுமதியானது என்றால் ‘முக்கிய விவரங்கள் அறிக்கை’ என்று தனியாக ஒரு தாள் கொடுத்திருக்க வேண்டும், வங்கியில் கே.எஃப்.எஸ். என்பார்கள். வட்டி, கட்டணம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். அதில் சொல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் நடுவில் புதிதாக வாங்க முடியாது. சில நிறுவனங்களில் கடன் வயது கூடக் கூடக் கட்டணம் குறையும். 24 தவணை முடிந்ததும் ஒரு படி இறங்குகிறது என்று ஒப்பந்தத்தில் இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஒரு சதவீதம் குறைந்தாலும் உங்களுக்கு ஜிஎஸ்டியோடு நான்காயிரம் ரூபாய் மிச்சம்.

அவர்கள் தந்த கணக்கில் எனக்கு உறுத்தும் வரி ஒன்று உண்டு. ‘இந்த மாத வட்டி ரூ.3,971.’ அது முழு மாத வட்டி. நீங்கள் அடைக்க நினைப்பது 19-ஆம் தேதி. 5-ஆம் தேதியிலிருந்து 14 நாள்தான் பணம் உங்களிடம் இருந்திருக்கும். நாளுக்கு 130 ரூபாய் 57 காசு வீதம் 14 நாளுக்கு ரூ.1,828 வருகிறது. மீதி 2,143 ரூபாய் எதற்கு? மாத நடுவில் கடன் கொடுத்தாலோ திரும்ப வாங்கினாலோ, பணம் நின்ற நாளுக்கு மட்டும் வட்டி போடாமல் மாதம் முழுவதற்கும் போடுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2024 ஏப்ரல் 29 தேதியிட்ட சுற்றறிக்கையில் குறிப்பிட்டு, அது நியாயமான நடைமுறை அல்ல, அதிகமாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஒருவேளை அந்தத் தாள் அடுத்த தவணைத் தேதி வரை செல்லும் கணக்காக இருக்கலாம். எதுவானாலும் “19-ஆம் தேதி வரைக்குமான வட்டியை மட்டும் போட்டு இன்னொரு ஸ்டேட்மென்ட் கொடுங்கள்” என்று எழுதிக் கேளுங்கள். கவுன்ட்டரில் வாய்ப்பேச்சாகக் கேட்காமல் மெயிலில் கேளுங்கள், பதிவு இருக்கும். மறுத்தால் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் புகார். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனுக்குப் போகலாம். 14448 என்ற எண்ணில் கூப்பிட்டால் எப்படிப் புகார் செய்வது என்று சொல்வார்கள், இதற்குச் செலவு கிடையாது.

இனி, அடைக்கலாமா என்ற கேள்வி.

அந்த வளையலுக்கு வருகிறேன். இரண்டு வட்டி என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம். லோனை அடைத்தால் கட்டணம் போக 10.8 சதவீதம் மிச்சம், வளையலை மீட்டால் 24 சதவீதம் மிச்சம். ஒரு கட்டணமும் கிடையாது. 3.4 லட்சம் பெரிய தொகையாகத் தெரிவதால் அதுதான் கண்ணை உறுத்துகிறது, 70,000 சின்னதாகத் தெரிவதால் “மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்” என்று தோன்றுகிறது. எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் அதிகம் தின்பது அந்தச் சின்னக் கடன்தான், வருஷத்துக்கு 16,800 ரூபாய். அதனால் சீட்டுப் பணத்தில் முதல் 70,000 அதற்குத்தான் போக வேண்டும்.

மீதி 3,30,000. லோனை முழுக்க அடைக்க இது போதாது. போதினாலும் முழுக்க அடைக்கச் சொல்ல மாட்டேன். கணவருக்கு மாதச் சம்பளம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வண்டி எத்தனை நாள் நிற்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கம் தண்ணீர் நின்றதே, அதற்கு அடுத்த மாதங்களில் என்னிடம் ஆலோசனைக்கு வந்த வண்டிக்காரர்கள் சிலர் போன் ஆப்பில் கடன் வாங்கிச் சிக்கியிருந்தார்கள். புயலுக்குக் கொஞ்சம் முன்னால் கையிருப்பை எல்லாம் போட்டு வேறொரு கடனை அடைத்திருந்தவர்களும் அதில் உண்டு. 14 சதவீதக் கடனை அடைத்துவிட்டு, அவசரத்துக்கு அதைவிட இரண்டு மூன்று மடங்கு வட்டியில் போய் விழுந்தார்கள். உங்களுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது.

ஆகவே நான் சொல்வது: லோனில் இரண்டு லட்சம் மட்டும் பகுதியாகக் கட்டுங்கள், பார்ட் பேமென்ட் என்று கேளுங்கள். அதற்கும் அதே 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஜிஎஸ்டியோடு ரூ.9,440. வளையலுக்கு 70,000, லோனுக்கு 2,09,440 போக உங்கள் கையில் ரூ.1,20,560 நிற்கும். லோன் பாக்கி 1,40,401 ஆகிவிடும். தவணையை மாற்றாமல் அதே 11,634 கட்டிக்கொண்டு வந்தால், 36 மாதத்தில் முடிய வேண்டியது 13 மாதத்தில் முடிந்து, 14-ஆவது மாதம் ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாக ஒரு சொச்சம் மட்டும் வரும். இனிமேல் போகும் வட்டி 78,423-க்குப் பதில் சுமார் 11,800. கட்டணம் போக மிச்சம் ஏறக்குறைய 57,000. தேதியைப் பொறுத்துச் சில்லறை வித்தியாசம் வரலாம்.

முழுக்க அடைத்தால் இதைவிட ஐந்தாயிரம் ரூபாய்தான் கூடுதல் மிச்சம். அந்த ஐந்தாயிரத்துக்குப் பதிலாக ஒன்றே கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான பணம் கையில் இருக்கும், வளையலும் வீட்டுக்கு வந்துவிடும். முழுக்க அடைத்தால் மாதம் 11,634 ரூபாய் உடனே மிச்சமாகுமே, அதை வைத்து மூன்று மாதத்தில் வளையலை மீட்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப்படி அது முடியும், தப்பும் இல்லை. ஆனால் அந்த மூன்று மாதமும் முடிந்து வளையல் வரும்போது கையில் இரண்டாயிரம் சொச்சம்தான் இருக்கும். அந்தச் சமயத்தில் வண்டிக்கு ஒரு செலவு வந்தால் வளையல் மறுபடி கடைக்குத்தான் போகும். உங்கள் சம்பளம் மட்டுமே வீட்டுச் செலவுக்குப் போதும், இன்னொரு சேமிப்பும் இருக்கிறது என்றால் முழுக்க அடையுங்கள், மறுக்க மாட்டேன். கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

பகுதியாகக் கட்டும்போது ஓர் இடத்தில் கவனமாக இருங்கள். “தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா?” என்று கேட்பார்கள். சில இடங்களில் கேட்காமலே தவணையைக் குறைத்துவிடுவார்கள். தவணையைக் குறைத்தால் மாதம் 4,799 ரூபாயாக இறங்கும், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 36 மாதமும் ஓடி வட்டி 32,000-க்கு மேல் போகும். காலத்தைக் குறைத்தால் போவது 11,800. இருபதாயிரம் ரூபாய் வித்தியாசம் அந்த ஒரு கட்டத்தில் போடும் டிக்கில் இருக்கிறது. “தவணை அப்படியே இருக்கட்டும், மாதத்தைக் குறையுங்கள்” என்று எழுதிக் கொடுத்து, புது அட்டவணையை வாங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எல்லா நிறுவனமும் பர்சனல் லோனில் பகுதியாகக் கட்ட விடுவதில்லை. வருஷத்துக்கு ஒரு முறை, பாக்கியில் கால் பங்கு வரைதான் என்று வரம்பு வைத்திருப்பவர்களும் உண்டு. உங்கள் வங்கி அப்படிச் சொன்னால் இப்போது 85,000 ரூபாய் வரை கட்டிவிட்டு, மீதியை உங்கள் பெயரில் டெபாசிட்டில் போடுங்கள். அடுத்த வருஷம் மறுபடி கட்டலாம். பகுதியாகக் கட்டவே முடியாது என்றால் வளையலை மட்டும் மீட்டுவிட்டு ஒரு வருஷம் பொறுங்கள். அப்போது அசல் பாக்கி 2,42,000 ரூபாய் அளவுக்கு இறங்கியிருக்கும். கட்டணத்தோடு அடைத்தாலும் கையில் எழுபத்தைந்தாயிரத்துக்கு மேல் மிஞ்சும்.

நீங்கள் கிளைக்குப் போகும்போது “அடைக்க வேண்டாம், டாப்-அப் போட்டுத் தருகிறோம்” என்று சொல்லக்கூடும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாக்கியையும் புதுப் பணத்தையும் சேர்த்து மறுபடி 60 மாதத்துக்கு எழுதுவார்கள். இரண்டு வருஷம் பாடுபட்டு முதல் படிகளைத் தாண்டி வந்திருக்கிறீர்கள், திரும்பப் போய் முதல் படியில் நிற்க வேண்டாம்.

கடன் வாங்கும்போது கூடவே ஏதாவது இன்ஷூரன்ஸ் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஒரே பிரீமியமாகப் பிடித்து லோனோடு சேர்த்திருப்பார்கள், பலருக்கு அது இருப்பதே தெரியாது. கடன் சீக்கிரம் முடியும்போது மீதிக் காலத்துக்கான தொகை ஏதாவது திரும்பி வருமா என்று பாலிசித் தாளைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கேளுங்கள்.

கடைசித் தவணையும் முடிந்ததும் ‘நிலுவை இல்லை’ என்ற சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கிலிருந்து தவணை பிடிக்கக் கொடுத்த உத்தரவை ரத்து செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முடிந்த கடனுக்கு இன்னொரு தவணை போய்விட்டு அதைத் திரும்ப வாங்க அலைய வேண்டியிருக்கும். ஒரு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்து, கடன் ‘முடிந்தது’ என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ‘செட்டில்’ என்று இருந்தால் விடாதீர்கள், உடனே வங்கிக்கு எழுதுங்கள். அந்தச் சொல்லுக்கு, முழுசாகக் கட்டாமல் பேரம் பேசி முடித்தது என்று அர்த்தம். ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டிய உங்களுக்கு அது நியாயமில்லை.

லோன் விஷயத்தில் வங்கி பதில் தர ஒரு வாரம் எடுக்கலாம். அதுவரை வளையலைக் காத்திருக்க வைக்க வேண்டாம். பல அடகுக் கடைகளில் புது மாதம் ஒரு நாள் ஏறினாலும் முழு மாத வட்டி வாங்குவார்கள். அடகுச் சீட்டை எடுத்து, வைத்த தேதியைப் பார்த்து, இந்த மாதக் கணக்கு முடிவதற்குள் போய் மீட்டு வாருங்கள்.